மாடு தராத தயிர்

கோரைக்குடித் தங்கையன் சிங்கப்பூரில் சமையல்காரனாக இருந்தான் என்பது அவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். வேறு சாட்சி கிடையாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனான்; வெள்ளைக்காரக் கடற்படையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தான்; வெள்ளைக்காரன் அங்கே கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது இவனும் ஒரு தகரப் பெட்டியோடு வலங்கைமான் பஸ்ஸில் வந்து இறங்கினான். அங்கே அவன் பார்த்த வேலை வெங்காயம் உரிப்பதும் தட்டு கழுவுவதும். அதைச் சொன்னால் எவன் மதிப்பான்? அதனால் வயலில் நாற்று பறிக்கும்போதும் சரி, வாய்க்கால் வெட்டும்போதும் சரி, "நான் தொரைமாருக்குச் சமைச்ச கையி" என்று ஆரம்பித்துவிடுவான். பக்கத்தில் நிற்பவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுவான்.

அவன் சொன்ன கதைகளிலேயே யாரும் நம்பாதது மயோனீஸ் கதை. முட்டையின் மஞ்சளில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைந்தால் வெண்ணெய் போலத் திரண்டு வருமாம். அதைப் பச்சைக் காய்கறி மேல் ஊற்றித் துரைமார் தின்பார்களாம். ஒரு துரைக்கு முட்டையும் ஆகாது, பாலும் ஆகாது; தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். அவனுக்காகச் சீனத்துத் தலைமைச் சமையல்காரன் வெறும் விதையை அரைத்தே அதைச் செய்தான் என்று தங்கையன் சொன்னபோது, மதகடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் ஐயா, கேளுங்கள், அந்த ஒன்று மட்டும் நிஜம்.

அவன் பெண்சாதி அம்சம் வேறு மாதிரி. அவள் பேசினால் ஊர் கேட்கும். நடவுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சங்கத்தில் தலைவி. கல்யாணமாகி எட்டு வருடம். அதில் ஆறு வருடம் புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம். அந்த ஆறு வருடத்தில் அவள் பேசக் கற்றுக்கொண்டாள். இவன் கதை கேட்க ஆளில்லாமல் திரிவதும், அவள் பேச்சுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவதும் தங்கையனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நிறையப் பெருமையும்தான்.

அந்த வருடம் குறுவை நடவு நேரத்தில் சண்டை வந்தது. கோட்டையில் கழக ஆட்சி. மேடைக்கு மேடை உழவனைத் தூக்கி வைத்துப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கோரைக்குடியில் மட்டும் நடவுக் கூலி பழைய மரக்காலிலேயே நின்றது. பஞ்சநதம் மிராசு ஒரு படி நெல் கூடக் கொடுக்க மாட்டேன் என்றார். சங்கம் வேலைநிறுத்தம் என்றது. அதற்கு மிராசு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"போடுங்கடா போடுங்க. எங்க வீட்டு மோரு இல்லாம பழைய சோறு எறங்குமா ஒங்களுக்கு? ரெண்டாம் நாளு கொல்லப்பக்கம் சட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பீங்க."

சொன்னதில் உண்மை இருந்ததுதான் கோபம். ஊரிலுள்ள மாடுகள் அத்தனையும் மிராசுடையவை. அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய்ச் சட்டியை நீட்டினால் மோர் ஊற்றுவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அந்த வார்த்தை காதுக்கு வந்ததும் அம்சம் சங்கத்துக் கொடிமரத்தடியில் கூட்டத்தைக் கூட்டினாள். கொடிமரத்தைத் தொட்டுக்கொண்டு ஆவேசமாகச் சத்தியம் செய்தாள்.

"கூலி ஏறுற வரைக்கும் மிராசு வீட்டு மோரு இந்தத் தெருவுக்குள்ள வரக்கூடாது. பாலு, தயிரு, வெண்ணெ, நெய்யி எதுவும் வரக்கூடாது. எருமைப்பாலா இருந்தாலும் சரி, ஆட்டுப்பாலா இருந்தாலும் சரி, வெளியூர்ல வாங்குனதா இருந்தாலும் சரி! தொட்டவன் கருங்காலி! அவன் வீட்டுக்கு நெருப்பு கெடையாது, தண்ணி கெடையாது!"

கைதட்டல் வானத்தைத் தொட்டது. தங்கையனும் தட்டினான். ஆட்டுப்பாலை எதற்குச் சேர்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஒட்டகப்பால் என்று சொல்லியிருந்தாலும் தட்டியிருப்பார்கள்.

மிராசு வீட்டுப் பாடுதான் பாடு. மாட்டுக்காரனும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்துவிட்டான். மாடு கறக்காமல் கத்துகிறது. பஞ்சநதம் மிராசு தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செவலைப் பசு முதல் உதையிலேயே அவரை வைக்கோல் போருக்கு அனுப்பியது. எப்படியோ கறந்த பாலைக் குடிக்க ஆளில்லை. அவர் மனைவி பிரகதாம்பாள் உறையூற்றி ஊற்றி, அண்டா அண்டாவாகத் தயிர் புளித்து நாறியது. தெருவில் சொந்தக்காரர் யாராவது தலைகாட்டினால், "ஒரு சொம்பு மோரு சாப்புட்டுப் போங்களேன்" என்று அந்த அம்மாள் ஓடி வருவாள். அவர்கள் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்சத்துக்கு நாள் தள்ளிப்போனது.

எட்டு வருடத்துக்குப் பிறகு. தங்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்குத் துடித்தது. "மூணு மாசம் நிக்கட்டும். அதுவரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது" என்று அம்சம் வாயைக் கட்டிவிட்டாள். சோறு அவளுக்கு இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ரசத்தைக் கண்டாலே ஓடினாள். முட்டை அவித்துக் கொடுத்தான்; வாசனைக்கே கொல்லைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"ஏங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குத் தயிரு வேணும் போல இருக்கு. கெட்டித் தயிரு. பழைய சோத்துல போட்டுப் பிசைஞ்சி..."

சொல்லிவிட்டு அழுதாள். அம்சம் அழுது தங்கையன் பார்த்ததே இல்லை. போலீஸ்காரன் லத்தியைத் தூக்கியபோதுகூடப் பதிலுக்குக் கையைத் தூக்கியவள்.

"நான் வேணா முத்துப்பேட்டைப் பக்கம் போயி, யாருக்கும் தெரியாம ஒரு செம்பு..."

"கொன்னுருவேன்" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

வெளியே தெரிந்தால் என்னவாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சங்கத் தலைவிக்கே தயிர் மேல் ஆசை என்று மிராசு வலங்கைமான் கடைத்தெரு வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். பட்டினி கிடக்கும் இத்தனை பேரின் வீறாப்பும் ஒரு சட்டித் தயிரில் போய்விடும். அதே சமயம் இவள் சாப்பிட்டாக வேண்டும். வயிற்றில் இருப்பதற்கு வேலைநிறுத்தம் தெரியுமா, சத்தியம் தெரியுமா?

அப்போதுதான் தங்கையனுக்கு அந்தச் சீனத்துச் சமையல்காரன் நினைவுக்கு வந்தான்.

விதை என்றால் எந்த விதை? தேங்காய் என்றால் தோப்பெல்லாம் மிராசு தோப்பு. நிலக்கடலை பித்தம். எள்ளு? பிள்ளை உண்டானவளுக்கு எள்ளைக் கொடுப்பானா எவனாவது, சூட்டில் கலைந்துபோகாதா? மிஞ்சியது வெள்ளரி விதையும் பரங்கி விதையும்தான். இரண்டும் குளிர்ச்சி. வெட்டாற்று மணலில் வெள்ளரி போட்டிருந்த அல்லா பிச்சையிடம் போனான். பழுத்து வெடித்து, விற்காமல் கிடந்த பழங்களைக் கேட்டான்.

"பழத்த என்ன பண்ணப் போறே?"

"வெதைக்கி பாய்."

"நெலமே இல்லாத பயலுக்கு வெதை எதுக்குடா?"

தங்கையன் பல்லைக் காட்டிவிட்டுச் சாக்கோடு ஓடி வந்தான். அதோடு விட்டானா? பரங்கிக்காய் நறுக்குகிற வீடெல்லாம் போய், "அந்தக் கொட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கை நீட்டினான். பசியில் இவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வேம்பு மட்டும் அப்படி நினைக்கவில்லை. வேம்புக்கு யார் என்ன செய்தாலும் அதற்குள் ஒரு களவு இருந்தாக வேண்டும்.

அம்சம் கூட்டத்துக்குப் போகிற நேரங்களில் தங்கையன் வேலையை நடத்தினான். விதையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலுரித்து, அம்மியில் வெண்ணெயாக அரைத்தான். உப்பும் ஒரு சிட்டிகை கடுகுப் பொடியும் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தான். ஒரு ஈர்க்கை எண்ணெயில் தோய்த்து, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குழவியை இழுத்தான். முதல் தடவை எண்ணெய் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் பிரிந்து, அடித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி நின்றது. அடுத்த தடவை நாயிடம் வைத்தான். நாய் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டது. கடைசியில் ஒருநாள், அம்மியில் தளதளவென்று வெள்ளையாகத் திரண்டு வந்தது பாருங்கள், தங்கையனுக்குக் கூத்தாடத் தோன்றியது. சட்டியில் வழித்துப் போட்டுவிட்டு, விரலில் ஒட்டியதை வாயில் வைத்தான். மீசையெல்லாம் வெள்ளை. "சாமி!" என்று கத்தியே விட்டான்.

அந்த நேரம் அடுப்புக்கு நெருப்பு வாங்க வேம்பு உள்ளே வந்தாள். சட்டியில் வெள்ளையாக ஒன்று. மீசையில் வெள்ளையாக ஒன்று. தங்கையன் முகத்தில் திருட்டு முழி.

"அடப்பாவி, தயிரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பின. "ஏ ஓடியாங்க! மிராசு வீட்டுத் தயிர நக்குறான்யா இவன்!"

சாயங்காலம் வெயில் இறங்கும்போது கொடிமரத்தடியில் பஞ்சாயத்து. சங்கத் தலைவர் ரெத்தினம் எதற்கெடுத்தாலும் "ஜனநாயக முறைப்படி" என்று சொல்கிறவர். காதில் விழுந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம்கூட ஜனநாயக முறைப்படி ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நடுவில் தங்கையன். அவன் பக்கத்தில் ஒரு முக்காலியில் அந்தச் சட்டி. சற்றுத் தள்ளி அம்சம், முகம் வெளுத்துப்போய். தனக்காகப் புருஷன் மிராசு வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டான் என்றே அவள் நினைத்தாள். உண்மை என்று தெரிந்தால் நெருப்பும் தண்ணீரும் நின்றுபோவது அவள் வீட்டுக்குத்தான். சத்தியத்தைச் சொன்ன வாயும் அவளுடையதுதான்.

"பொம்பளைங்க சார்பா தோழர் அம்சமே கேக்கட்டும்" என்றார் ரெத்தினம். "புருசன் பொண்டாட்டின்னு சங்கத்துல வித்தியாசம் கெடையாது."

அம்சம் எழுந்தாள். எட்டு வருடத்தில் ஒருதடவைகூடப் புருஷன் பெயரைச் சொல்லாதவள். தொண்டையைச் செருமினாள்.

"தோழர் தங்கையன்..."

கூட்டம் மூச்சை இழுத்தது. ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். தங்கையனுக்கு நடப்பது மறந்தே போனது. தன் பெயர் இத்தனை அழகு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. இளித்துக்கொண்டு நின்றான்.

"சிரிக்காதீங்க. இது தயிரா இல்லையா?"

"இல்ல. வெதைய அரைச்சது. சிங்கப்பூர்ல..."

"ஆரம்பிச்சிட்டான்யா!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

"யாருக்குச் செஞ்சீங்க?" அம்சத்தின் குரல் இறங்கியிருந்தது.

தங்கையன் அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். மசக்கைக்காரிக்குச் செய்தது என்று சொன்னால் கூட்டத்திலுள்ள பெண்களே அவனைக் காப்பாற்றிவிடுவார்கள். நாளைக்கு அது மிராசு காதுக்குப் போகும்.

"எனக்குத்தான்" என்றான். "நாக்குச் செத்துப்போச்சி. திங்கணும் போல இருந்துச்சி. எல்லாரும் பசியோட கெடக்கும்போது நான் எனக்கு மட்டும் ருசியாத் திங்கப் பாத்தேன். தப்புத்தான்."

"தூ!" என்றாள் வேம்பு. நாலு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அம்சம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரெத்தினம் கையைத் தூக்கினார். "ஜனநாயக முறைப்படி, இங்கயே செஞ்சி காட்டட்டும்."

அம்மி வந்தது. ஊறிய விதை வந்தது. ஊரே சுற்றி நின்றது. தங்கையன் வாழ்க்கையில் இத்தனை பேர் அவனைக் கவனித்ததில்லை. எண்ணெயைச் சொட்டுவதற்குப் பதிலாகக் கொட்டினான். பிரிந்துபோனது. "போச்சுடா!" என்று கூட்டம் சிரித்தது. இன்னொரு பிடி விதையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து அரைத்தான். சொட்டு. இழுப்பு. சொட்டு. இழுப்பு. சிரிப்பு மெல்ல அடங்கியது. மஞ்சளும் பச்சையுமாக இருந்த விழுது வெளுத்தது, திரண்டது, குழவியில் ஏறி ஒட்டிக்கொண்டது. மாடு இல்லை, சட்டி நீட்டவில்லை, கொல்லைப்புறம் போகவில்லை. அம்மி நிறைய வெள்ளைவெளேரென்று கெட்டித் தயிர்.

"அடேயப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

ரெத்தினம் ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தார். அவன் முகமும் சுருங்கியது. வேம்பு ஒரு கை வழித்துப் போட்டுக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ரெத்தினம் தீர்ப்புச் சொன்னார். "தோழர்களே, இது தயிரு இல்ல. இம்மாம் மோசமான தயிர எந்த மாடும் குடுக்காது. இத ஆசையாத் திங்க நெனச்சவன் மேல நாம நடவடிக்கை எடுக்க வேண்டியதில்ல. அவன் ஏற்கனவே தண்டனை அனுபவிச்சிட்டான். வழக்குத் தள்ளுபடி!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. தங்கையனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துபோயிருந்தது. அவனுடைய ஒரே நிஜமான கதைக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போன அம்சம் திரும்பி வந்தாள். வீட்டிலிருந்து பழைய சோற்றுச் சட்டியை எடுத்து வந்திருந்தாள். அம்மியிலிருந்ததை வழித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்து, கொடிமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய், இரண்டு வாய் என்று இல்லை. தலையை நிமிர்த்தாமல் சட்டி முழுக்கச் சாப்பிட்டு, விரலையும் நக்கினாள்.

"சோத்த வீணாக்கக் கூடாதுல்ல" என்றாள் பொதுவாக.

ஆண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வேம்பின் வாய் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் தங்கையன் வாசலில் யாரோ நாலு புளி மாங்காயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேம்பு அந்தப் பக்கம் திரும்பாமலேயே நெல்லுக் குத்திக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு பெண்ணாவது அதைப் பற்றி வாய் திறந்தாள் என்கிறீர்களா? கிடையாது.

மிராசு காதுக்குப் போனது வேறு சேதி. கூலிக்காரர் குடியிருக்கும் தெற்குத் தெருவில் மாடே இல்லாமல் தயிர் செய்கிறார்கள், சட்டி சட்டியாகத் தின்கிறார்கள் என்று போனது. அவர் வயலுக்குப் போய் நாற்றங்காலைப் பார்த்தார். நாற்று முற்றி மஞ்சளடித்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்தார், பிரகதாம்பாள் இன்னொரு அண்டாவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். தாசில்தார் முன்னால் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கூலி ஏறியது.

அன்றைக்கே அம்சம் வலங்கைமான் கடைத்தெருவில் காசு கொடுத்து ஒரு சட்டித் தயிர் வாங்கி வந்தாள். கெட்டித் தயிர். சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் அவள் கண்கள் தானாக மூடிக்கொண்டன. தங்கையன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம தயிரு மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டான்.

"எது?"

"நான் செஞ்சது."

அம்சம் கண்ணைத் திறந்தாள். "ஏங்க, பொய் சொல்ல மாட்டேன். அதத் திங்குறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரங்கிக் கொட்டைய மண்ணெண்ணெயில போட்டு அரைச்ச மாதிரி இருந்துச்சி. மூச்ச அடக்கிக்கிட்டு முழுங்குனேன்."

"அடிப்பாவி! அப்பறம் எதுக்குடி வெரல நக்குன?"

அம்சம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"அத்தன பேரு காறித் துப்புனப்பயும் எனக்குன்னு நீங்க சொல்லலல்ல. அப்ப நீங்க மண்ணப் பிசைஞ்சி குடுத்திருந்தாலும் நான் தின்னிருப்பேன்."

தங்கையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினான். அவள் கடைசிக் கவளத்தை வாயில் வைக்கும்போதுதான் மெல்லச் சொன்னான்.

"எலுமிச்சம்பழம் அன்னைக்கிக் கொஞ்சம் சின்னது. இல்லன்னா நல்லாத்தான் வந்திருக்கும்."